ஐந்தாவது பங்கு

என் மாமனாருக்குத் தூத்துக்குடியில் உப்பு வியாபாரம். பேச்சு மட்டும் பம்பாயில் இருக்கும். அங்கே தலைமையகம் இருந்த நாட்டின் மத்திய வங்கியில் அவருக்கு நான்கு பங்குகள் இருந்தன. வெள்ளைக்காரன் காலம்; அப்போது அது பங்குதாரர்களின் வங்கி. அந்தத் திமிரில், வீட்டு முன்கட்டில் இருந்த கடையில் யாராவது பத்து ரூபாய் நோட்டை நீட்டினால், "நம்ம பேங்க் அடிச்ச நோட்டுலா அண்ணாச்சி" என்பார். உள்ளேயிருந்து கேட்கிற எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

நான்கு பங்குக்கு ஓட்டுக் கிடையாது. ஐந்து இருந்தால் ஒன்று. அதை வைத்தும் வங்கியின் கவர்னரை அசைக்க முடியாது. அவரை நியமிப்பது சர்க்கார். சென்னை வட்டாரக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். இந்த அழகுக்கு, என் அம்மா போட்டு அனுப்பிய நான்கு வளையல்களில் இரண்டைக் கேட்டார்.

"ஏளா, ஓட்டு இல்லாத பங்கு என்னத்துக்கு? லாபம் வந்ததும் புதுசு செஞ்சு தாரேன்."

கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சொல்லும்போதே கையை நீட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் அப்பா முன்னால் வாய் திறக்கமாட்டார். சோப்புப் போட்டு, தோல் உரிய, கழற்றிக் கொடுத்தேன்.

ஐந்தாவது பங்கு வந்தது. வருஷா வருஷம் லாபமும் வந்தது. வளையல் வரவில்லை. கேட்டால், "எலெக்‌ஷன் வரட்டும்" என்பார். எலெக்‌ஷனுக்கும் என் கைக்கும் என்ன சம்பந்தமோ!

அவர் ஓட்டுப் போடும் நாள் வருவதற்குள் சுதந்திரம் வந்துவிட்டது. பிறகு, வங்கியைச் சர்க்காரே எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேப்பரில் போட்டார்கள். மாமனார் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாயசம் வைத்தேன்.

"யாருக்குளா பாயசம்?"

"தேசத்துக்கு மாமா."

பங்குகளுக்கு ஈடாகப் பணம் கொடுத்தார்கள். இப்போதாவது வளையல் வரும் என்று காத்திருந்தேன். அவரோ கடையில் ஒரு தரகரை உட்காரவைத்து, புதிதாகத் தொடங்கும் ஏதோ ஒரு பேங்க்கைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். "அங்கன பங்கு வெலையும் பாதிதானாம், ஒரு பங்குக்கே ஓட்டு உண்டாம்லா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், மிச்சமிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். "இதையும் எடுத்துக்கிடுங்க மாமா. எத்தனை ஓட்டு வரும்னு பாருங்க."

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் வளையல்களை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "ரெண்டு வரும்ளா" என்றார்.