நாலு விரல் துணி

விடத்தல்தீவில் மீள்குடியேறிய குடும்பங்களைப் பதியப் போனபோதுதான் அந்த அக்காவைச் சந்தித்தேன். இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பியவர். தகரக் கொட்டிலின் மணல் நிலத்தில் அமர்ந்து, பழைய சேலையொன்றில் சுருக்கு வைத்துக் கட்டிலுக்கு, கால்களை மறைக்கும் பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த, நெடிய பெண். குண்டூசிகளை உதடுகளுக்குள் கவ்விக்கொண்டே பேசுவார், ஒன்றுகூட விழாது.

தைத்ததைக் கட்டிலைச் சுற்றிக் கட்டினார். நாலு விரல் துணி மணலில் புரண்டது.

“அக்கா, நீளம் கூடிப்போச்சு. வெட்டுங்கோ,” என்றேன்.

“கூடேல்லை, தம்பி. கட்டில் கால் மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. நிலத்துக்குச் சீமெந்து போட்டா முழுக்கால் வெளியில நிக்கும். அதுக்கு அளந்துதான் தைச்சனான்.”

மிச்சத்தை மேலே மடித்து, ஊசிகளை ஒவ்வொன்றாகக் குத்தினார்.

சீமெந்து எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. படிவத்தில் ‘நிலம்: மணல்’ என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“பக்கத்தில ‘இப்போதைக்கு’ எண்டு போடுங்கோ.”

அதற்குப் படிவத்தில் இடமில்லை. விளிம்பில் நெருக்கி எழுதினேன்.

கந்தோரில் மேலதிகாரி அந்தச் சொல்லை வெட்டுவதற்குச் சிவப்புப் பேனையைத் திறந்தார். கட்டில் பாவாடையைப் பற்றிச் சொன்னேன். அவர் வெட்டாமலே பேனையை மூடினார்.