லீவரைப் பிடிக்கிற கை

எங்க வீட்டுக்காரர் கிளட்ச் கேபிளைச் சரி பண்ணும்போது கண்ணை மூடிக்குவார். இடது கையால லீவரை மெல்ல அழுத்துவார், விடுவார், மறுபடி அழுத்துவார். முகம் எங்கேயோ போயிருக்கும். தகரக் கூரை ஓட்டை வழியா வெயில் வட்ட வட்டமா இறங்கும், அதுல தூசி மிதக்கும். அதே மெக்கானிக் கொட்டகையில வண்டி சீட்டுக்கு உறை தைக்கிற நானும் தையல் மெஷினை நிறுத்திட்டு அப்படியே பார்த்துக்கிட்டு இருப்பேன். இருபத்திரண்டு வருஷமா இதே கூத்துதான்.

போன மாசம் ஒரே வாரத்துல மூணு வண்டி திரும்பி வந்துச்சு. பால்காரர், டீச்சரம்மா, பேப்பர் போடுறவர், மூணு பேரும் ஒரே பாட்டுதான்: "இன்ஜின் கத்துது, வண்டி மேடு ஏறல." கேபிளை ரொம்ப இறுக்கினா கிளட்ச் அப்படித்தான் வழுக்கும். லீவர்ல கொஞ்சம் தொளதொளப்பு விடணும். இதெல்லாம் இவர் கரைச்சுக் குடிச்ச விஷயம்.

"கேபிள் சரியில்ல"ன்னார்.

"மூணுமா?" எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

மத்தியானம் டீச்சரம்மா வண்டியில கை வச்சார். கண்ணை மூடினார். நான் விரலையே பார்த்தேன். பாதி தூரம் மடங்குச்சு, அதுக்கு மேல வரல. அந்தப் பாதியிலேயே கிளட்ச் விடணும்னு கேபிளை இறுக்கிக்கிட்டே போனார். ஊர் வண்டியை எல்லாம் தன் கைக்குத் தகுந்த மாதிரி வச்சிருக்கார் மனுஷன்.

"எத்தனை நாளா?"

கண்ணைத் திறக்கல. "மழைக்காலத்துலேர்ந்து. வெளிய சொல்லிடாத. கை போச்சுன்னு தெரிஞ்சா யாரு வண்டி விடுவா?"

திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்துச்சு. எழுந்து போய் அவர் கையை விலக்கிட்டு லீவரைப் பிடிச்சேன். "ஸ்பேனரை நீங்க பிடிங்க. இதை நான் பார்த்துக்கிறேன்."

வலது கையால நட்டைத் தளர்த்தினார். "இப்ப?"

"முதல்ல சும்மா வருது. அப்புறம்தான் கனக்குது."

"சும்மான்னா எவ்வளவு?"

"சீட் ரெக்சினை ரெண்டா மடிச்ச தடிமன் இருக்கும்."

"அவ்வளவுதான் வேணும்"னு நட்டை இறுக்கினார். இந்தத் தடவை நானும் கண்ணை மூடியிருந்தேன். தெருச் சத்தம் எங்கேயோ தூரத்துல கேட்டுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு டீச்சரம்மா வந்தாங்க. "மேட்டுல சும்மா பறக்குதுங்க. உங்க கைராசியே தனி."

நான் தலை நிமிரல. அவரும் சிரிச்சு மழுப்பிடுவார்னுதான் நினைச்சேன்.

"என் கை இனிமே மடங்காதும்மா"ன்னார். "அது இவ கை."




டீச்சரம்மா என் பக்கம் திரும்பினாங்க. "அப்ப அடுத்த தடவையும் நீங்களே பிடிங்க"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தாங்க.