நூற்றுப் பன்னிரண்டு நிமிடம்

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். லிஃப்ட் பழுதானால் மெக்கானிக்கை அனுப்பிவைக்கும் செயலி. தொடங்கி இரண்டு வருடம் ஆன கம்பெனி. முதலாளி தம்பி. அவனை நம்பி நிரந்தர வேலையை உதறிவிட்டு வந்தவள் அக்கா. அலுவலகத்தில் அவளுக்குத் 'திங்கக்கிழமை அக்கா' என்று பெயர்.

காரணம் உண்டு. தம்பி மீட்டிங்கில் வானத்தை வில்லாக வளைத்துவிட்டுப் போய்விடுவான். திங்கட்கிழமை காலையில் டீ கோப்பையோடு மேசை மேசையாகப் போய், யாருக்கு என்ன வேலை என்று பிரித்துச் சொல்வது அவள்தான். எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் முடிப்பாள். கூப்பிட்ட நாற்பது நிமிடத்துக்குள் மெக்கானிக் அங்கே நிற்க வேண்டும். 'நாற்பது நிமிடத்தில் நாம் அங்கே இருப்போம்' என்று சுவரில் அவள் கையெழுத்திலேயே இருந்தது.

அவர்களுடைய அப்பா லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது, கதவிடுக்கில் வாயை வைத்து விடாமல் பேசிக்கொண்டிருந்தவள் அவள். தம்பி அன்று வெளியூரில். கதவு திறந்தபோது அப்பா பேசவில்லை.

முதலீடு செய்யலாமா என்று பார்க்க ஓர் அம்மா வந்தார். ஃபைலோடு கண்ணாடி அறைக்குள் நுழைந்த அக்காவின் காதில் விழுந்தது தம்பியின் குரல்.

"அப்பா உள்ள, நான் வெளிய. கடைசி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தேன் மேடம்."

அவளைப் பார்த்ததும் சற்றும் தடுமாறாமல் அறிமுகம் செய்தான். "இவங்க ஆபீஸ் பார்த்துக்கறவங்க."

அக்கா என்ற சொல் அவன் நாக்கில் வரவில்லை. பாவி, அவளிடமிருந்த கடைசிச் சொத்தையும் அல்லவா எடுத்துக்கொண்டான்!

மறுநாள் சுவரில் அவள் எழுத்தின் மேல் புது வர்ணம். 'நாங்கள் முதலிடம் பிடிப்போம்.' 'நாம்' எங்கே என்று கேட்டாள்.

"அது வீட்டுப் பேச்சு மாதிரி இருக்குக்கா. இனிமே கம்பெனியோட கோல், டார்கெட் எல்லாம் நான் சொல்றேன். நீ மேசை மேசையா போய்க் கதை பேச வேணாம்."

"சரிப்பா," என்றாள். அந்தச் சரியில் இருந்த விஷம் அவனுக்கு உறைக்கவில்லை.

ஆறு வாரம் அவள் எந்த மேசைக்கும் போகவில்லை. விற்பனைக்காரர் ஊர்க்கோடியில் எல்லாம் கட்டடம் பிடித்தார். மெக்கானிக்குகளை அனுப்புகிறவர் அலைச்சலைக் குறைக்கிறேன் என்று தூரத்து அழைப்புகளைத் தள்ளிப்போட்டார். தாமதமான அழைப்புகளுக்கு மட்டும் அவளே ஃபோன் போட்டு ஆள் அனுப்பினாள். அவளுடைய பழி தம்பி மேல்தான்; லிஃப்டுக்குள் தவிப்பவர்கள் மேல் இல்லை.

அந்த அம்மா மறுபடி வந்தார். ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, கம்பெனியின் குறிக்கோளை ஒரே வரியில் எழுதச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தார். நூறு கட்டடம். செலவுக் குறைப்பு. செயலிக்குப் புதுத் திரை வடிவம். சீட்டுக்குச் சீட்டு வேறு. தம்பியின் காது சிவந்தது.

"அக்கா, நீ சொல்லேன்," என்றான். இப்போது அக்கா!

"நான் ஆபீஸ் பார்த்துக்கறவப்பா. கோல் எல்லாம் நீதானே சொல்ற."

கடைசிச் சீட்டு அவளுடையது. 'நாற்பது நிமிடம். இன்னொரு நூற்றுப் பன்னிரண்டு வேண்டாம்.'

"அது என்ன நூத்திப் பன்னெண்டு?" அந்த அம்மா தம்பியைத்தான் கேட்டார். அவன் ஏதோ லிஃப்ட் நம்பராக இருக்கும் என்று உளறினான்.

"அப்பா உள்ள இருந்த நிமிஷம் மேடம். வெளிய நின்னவளுக்குத்தான் தெரியும்."

அந்த அம்மா சீட்டுகளை அடுக்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அக்காவோடுதான் பேசுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை தம்பி அவள் மேசைக்கு வந்தான். குரல் இறங்கியிருந்தது. "ரவுண்டு போகலையாக்கா?"

"முதல்ல செவுத்தை அழி."

ஊழியர்கள் எல்லோரும் பார்க்க, முதலாளி ஸ்டூல் மேல் ஏறிச் சுரண்டினான். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, டீயை ஆற அமரக் குடித்தாள். இரண்டு வருடத்தில் இவ்வளவு ருசியான டீயை அவள் குடித்ததில்லை.

"நல்லா சுரண்டு தம்பி. 'நாங்கள்'ல இருக்கிற 'ங்' புள்ளி இன்னும் தெரியுது."