கேட்டுக்கு உள்ளே என் அம்மா

என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிறுவயதில் பஸ்ஸில் கண்டக்டர் என் வயதைக் கேட்டால், நான் கிள்ளக் கிள்ள உண்மையைச் சொல்லி முழு டிக்கெட் வாங்குவாள். வாயில்லாப்பூச்சி. அப்பா இருந்தவரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அவர் போனபின் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். அதட்டுவது எனக்குத் தொழில். வீட்டிலும் அதை நான் விட்டதில்லை.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மாவுக்கு இருபது வருட வேலை. வெம்பக்கோட்டை அருகில் இருக்கும் எங்கள் ஊருக்குக் காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போகும். இரண்டு வருடத்துக்கு முன்பு அங்கே ஒரு வெடிமருந்து அறையில் இடி விழுந்து வெடித்தது. வேனில் தினமும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து போன சிநேகிதி அதில் போய்ச் சேர்ந்தாள். அம்மா அப்போது அடுத்த அறையில் இருந்தாள். காரியம் முடிந்த கையோடு நான் விருதுநகரிலிருந்து வந்து, இனிமேல் அங்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கலந்து பேசவெல்லாம் இல்லை, உத்தரவுதான் போட்டேன். அம்மா தலையை ஆட்டினாள். எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகு நூறு நாள் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போகும்போது கண்மாயில் கருவேலம் வெட்டியது, அங்கே யாருக்கும் யாருக்கும் வாய்ச்சண்டை, யார் மகள் சமைந்தாள் என்று கதை கதையாகச் சொல்வாள். நானும் உம் கொட்டிக்கொண்டே மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஞாயிறன்று போனபோது அம்மா காய்ச்சலோடு சுருண்டு படுத்திருந்தாள். துணியை நனைத்துக் கழுத்தைத் துடைத்துவிட்டேன். காது மடலுக்குப் பின்னால் துடைத்தபோது துணியில் வெள்ளி போல ஏதோ மினுங்கியது. மறுபடி துடைத்தேன். இன்னும் வந்தது. பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர். எங்கள் பக்கத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தங்கிவிடும்.

கண்மாயில் ஏது அலுமினியப் பவுடர்? கேட்டால் இவள் எதைச் சொல்வாள், அதில் எதை நான் நம்புவது என்று தெரியவில்லை. மாத்திரை கொடுத்துவிட்டு, "நாளைக்கு வேலைக்குப் போகாம படுத்துக்க" என்றேன். "எங்கிட்டுப் போகப் போறேன் தாயி" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.

அன்று சாயங்காலம் விருதுநகர் திரும்பினேன். மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நேராக நாரணாபுரம் கம்பெனிக்குப் போனேன். உண்மையில் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன். ஊர்ப் பேரைச் சொல்லி அம்மாவின் அடையாளம் சொன்னதும் கேட்டில் இருந்த வாட்ச்மேன் சிரித்தார்.

"கலெக்டரம்மாவக் கேக்குறீகளா? நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?"

வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் மேற்கே வானம் இருட்டி ஒரு இடி உருண்டது. இடி இடித்தால் எல்லோரும் மருந்து அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. ஆர்டர் நெருக்கும் சீசனில் அந்த விதிக்குக் கொஞ்சம் காது மந்தமாகிவிடும். போர்மேன் அறை அறையாக ஓடி, "எங்கிட்டோ தூரத்துல இடிக்குது, கையில இருக்கத முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கம்பி வழியாக அம்மாவைப் பார்த்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெட்டவெளியில் நடந்து வந்தாள்.

"தூரத்து இடின்னா நீ போயி உள்ள உக்காருய்யா. நாங்க வெளிய நின்னு பாக்கோம்."

"யக்கா, இன்னைக்கு லோடு ஏத்தணும்க்கா."

"லோடு நாளைக்கும் ஏறும். ஏ பொம்பளைகளா, போட்டது போட்டபடி வெளிய வாங்க."

ஒரு அறை பாக்கியில்லாமல் வந்தார்கள். அறைக்கு நாலு பேர் வீதம் விரலை நீட்டி எண்ணினாள். ஒரு அறையில் ஆள் குறைந்தது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, அச்சில் ஏற்றமுடியாத ஒரு வார்த்தையால் திட்டி, ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். என் அம்மாவின் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கொட்டகைக்கு ஓட்டிவந்தபின்தான் அவளும் உட்கார்ந்தாள்.

"இவுக இங்கன இருக்கப்போயித்தான் எங்க வீட்டு அம்மாவயும் இங்க வேலைக்கு விட்டிருக்கேன்" என்றார் வாட்ச்மேன்.

அப்போது அம்மா என்னைப் பார்த்தாள். செருகிய முந்தானையை உருவித் தோளை மூடிக்கொண்டாள். கேட்டுக்கு வரும்போது நடைகூடச் சிறுத்துவிட்டது. எனக்கு அது வலித்தது. இடி மின்னலுக்கும் போர்மேனுக்கும் பயப்படாதவள் என்னைக் கண்டுதான் பயப்படுகிறாள்.

"சாப்பிட்டியா தாயி?"

"ரெண்டு வருசமா என்கிட்ட பொய் சொல்லியிருக்கியே."

தலையைக் குனிந்துகொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் எங்களை உள்ளே கூப்பிட்டுத் தன் அறையில் நிற்கச் சொன்னார்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் இடிச்சுச்சு" என்றாள் அம்மா. "கையில இருக்க மருந்துத் தட்ட முடிச்சிட்டு வாங்கன்னு போர்மேன் சொன்னாரு. நா அவரு மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். வெளிய வா ஆத்தான்னு எங்கூட்டாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ வந்திருப்பா. எம்பேச்சத் தட்டமாட்டா. நா சொல்லல."

அந்தச் சாவுக்கு அம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன். எதற்கு அழுகிறாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அரை மணி நேரத்தில் மழை விட்டு வானம் வெளுத்தது. போர்மேன் வந்து, "யக்கா, போவமா?" என்றார். பெண்கள் அவரைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீ சொன்னா இப்பமே வந்திருதேன் தாயி. இனிப் பொய் சொல்லமாட்டேன்."

வருவாள் என்று தெரிந்தது. வா என்ற ஒற்றை வார்த்தைக்காகத்தான் லீவு போட்டு வந்திருந்தேன். மேற்கே இன்னும் கொஞ்சம் கறுப்பு பாக்கி இருந்தது. நாளைக்கும் இடிக்கும். நான் இவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த அறைகளின் கதவை யார் தட்டுவார்கள்? இதையெல்லாம் ஏன் நான் யோசிக்க வேண்டும், எனக்கு இருப்பது ஒரே அம்மா என்று ஆத்திரம் வந்தது. ஆனாலும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

"காய்ச்சலுக்கு மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

அம்மா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். ஈர மண்ணில் விறுவிறுவென்று நடந்தாள். அவள் பின்னால் எல்லோரும் எழுந்து போனார்கள். இரண்டு வருடமாக எனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தாள். அன்று முதல் நான் அனுப்பித்தான் போகிறாள்.