ராசிபுரத்தில் ஒரு ஜப்பான் கேசட்

பஸ் ராசிபுரத்தில் பஞ்சராகி நிற்கிறது. எதிரே ஒரு பெண் நடத்தும் டீக்கடையில் வீடியோ ஓடுகிறது. சிங்கப்பூரிலிருந்து அவருடைய அண்ணன் அனுப்பிய ஜப்பான் கார்ட்டூன். பாஷை தெரியாவிட்டாலும் கதை புரிகிறது. ஊரை அழிக்க ஒரு ராட்சத மிருகம் வருகிறது. வேற்றுக்கிரகத்து வீரன் மலையளவு வளர்ந்து அதனோடு மோதுகிறான். அவன் மார்பில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம். மிருகத்தைச் சாய்த்ததும் வானத்தில் பறந்து மறைந்துவிடுகிறான்.

“இதுல எல்லாக் கதையும் இப்படித்தானுங்க முடியுது,” என்று டீயை நீட்டுகிறார் அவர். “காப்பாத்துனவரு ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்லீங்க. எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான். போர்வெல் போடற ரிக் வண்டியில வடக்கே போனவரு, தீவாளிக்கு வருவாரு, மறுநாளே கெளம்பிருவாரு. இந்தத் தீவாளிக்கு அதுவும் இல்லீங்க.”

நான் டீயை வாங்கிக்கொள்கிறேன்.

“உங்களுக்கு ஊட்ல யாருங்க?”

“யாரும் இல்லைங்க.”

டயர் மாற்றியாகிவிட்டது. கண்டக்டர் விசிலடிக்கிறார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறேன். ஆளில்லாத கடையில் அவர் கேசட்டைப் பின்னால் ஓட்டி, வீரன் வந்து இறங்கும் இடத்தை மட்டும் மறுபடி போட்டுப் பார்க்கிறார்.