எந்தப் போத்தலில் மருந்து?

அருளப்பு அண்ணையை எங்கள் வார்ட்டுக்குக் கொண்டுவந்தபோது ஒட்சிசன் போட்டும் அவருக்கு மூச்சு வாங்கியது. மன்னாரில் பிறந்து லண்டனில் பஸ் ஓட்டியவர். நான் கொரோனா வார்ட்டின் டொக்டர். அங்கே நடந்த மருந்து ட்ரயலுக்கும் நானே பொறுப்பு. பாதிப்பேருக்குப் புது மருந்து, மற்றவர்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர். போத்தல்கள் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போடும், எங்களுக்குச் சொல்லாது.

நான் விளக்கிய எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நம்மவர்கள் எங்கே போனாலும் கேட்பதை அவரும் கேட்டார்.

“எங்கட சனம் எண்டு பாத்து, என்னை அந்த மருந்துப் பக்கம் போட்டுவிடுங்கோ தங்கச்சி.”

“ஏலாது அண்ணை. எது மருந்தெண்டு எனக்கே தெரியாது.”

“தெரியாததுக்கோ இவ்வளவு படிச்சனீங்கள்?”

ட்ரயலில் சேர்ந்தார். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நான் போனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நர்ஸுக்கு மட்டும் ஆங்கிலத்தில் பதில் வரும்.

சிறுபிள்ளைக் கோபம்தான். ஆனாலும் எனக்கு வலித்தது. வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோகக் கூடாதென்று கணவரையும் மகளையும் மோர்டனில் இருந்த எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். நேரில் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் அவர். அறையில் பாணும் சம்பலும் தின்னும்போது அழுகை வரும். அந்தக் குலுக்கலைத் திறந்து பார்க்க வழியிருந்தால் பார்த்திருப்பேன். பொய் சொல்லவில்லை.

ஒருவாறு தேறி, என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.

ட்ரயல் முடிந்து குலுக்கலைத் திறந்தார்கள். மருந்தால் பலனில்லை, சிலருக்குச் சிறுநீரகத்தையும் கெடுத்திருந்தது. அருளப்பு அண்ணைக்குப் போனது உப்புத் தண்ணீர். தபாலில் அறிவித்தால் போதும். நான் போன் எடுத்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்று கேட்டார்.

“எது மருந்தெண்டு தெரிஞ்சிருந்தா, எனக்குத் தந்திருப்பியள்தானே தங்கச்சி?”

“ஓம் அண்ணை. தந்திருப்பன்.”

“அப்ப தெரியாமல் இருந்ததுதான் என்னைக் காப்பாத்தினது.”

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ‘தெரியாது’ என்று சொல்கிற டொக்டரோடு ஆட்கள் கோவிப்பார்கள். கோவிக்கட்டும். தெரிந்தமாதிரி மட்டும் நடிக்காதீர்கள்.

அன்று அண்ணை உடனே போனை வைக்கவில்லை. “சாப்பிட்டிட்டியளோ?” என்று கேட்டார். அப்போதும் நான் அந்த அறையில்தான் இருந்தேன்; அங்கே வந்த பிறகு என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.