வெள்ளை வெளிச்சத்தை எடுத்த கதை

என் தம்பி கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவான். கம்ப்யூட்டர் விளையாட்டில் அப்படிச் சுடுகிற ஆள் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் அவனுடைய பச்சை பீரங்கி வண்டி. அந்தப் பக்கம் கம்ப்யூட்டருடைய சிவப்பு வண்டி. ஆளுக்கு ஒரு குண்டு, மாறி மாறி. குழாயை ஏற்றி இறக்கிக் குறி பார்க்கிறவரைக்கும் கண் திறந்திருக்கும். இடதுகை நடுவிரலால் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் இறுக்கி மூடிக்கொள்வான். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே என்னைக் கேட்பான்.

"யாருண்ணே போனது?"

"சிவப்பு."

"சரி, அடுத்ததைப் போடு."

குண்டு வண்டியில் விழுந்தால் திரை முழுவதும் ஒரு நொடி வெள்ளையாகிவிடும். பட்டாசு ஆலை விபத்தில் வெந்து வந்தவனுக்கு அந்த வெளிச்சம் ஆகவில்லை என்று நினைத்தேன். அதை அவனிடம் கேட்டதில்லை. கேட்டு உறுதி செய்ய வேண்டிய விஷயமாக அது எனக்குப் படவில்லை. சத்தத்தை முதல் நாளே நானாக நிறுத்தியிருந்தேன். அதற்கு விளையாட்டுக்குள்ளேயே ஒரு பொத்தான் இருந்தது. வெள்ளையை நிறுத்த அப்படி எதுவும் இல்லை.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையில் வெடிமருந்து அடைக்கிற அறையில் அவனும் அவன் பெண்டாட்டியும் வேலை பார்த்தார்கள். அறை வெடித்தபோது அவன் மருந்து அடைக்கக் காலிக் காகிதக் குழாய் எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பி வந்திருந்தான். அவள் உள்ளே இருந்தாள். அவனுக்கு வலதுகை விரல்கள் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு காது போனது. முகத்தில் ஒரு பக்கம், பார்க்க வருகிறவர்கள் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசும்படி ஆகிவிட்டது. பிறகு அவர்களும் வரவில்லை.

அவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் நான் வாயைத் திறக்கவில்லை, ஊமை என்று நினைத்துவிட்டார்கள். ஆகவே பகலில் வீட்டில் தம்பியைத் தவிர ஆள் கிடையாது. நான் வேலைக்குப் போனால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். விளையாடலாமே என்று ஒருநாள் சொன்னேன்.

"நீ போயிட்டா யாரு போனான்னு யாரைக் கேக்க? இந்த ஃபேனையா?"

அந்த வெள்ளை இல்லாவிட்டால் அவனே கண்ணைத் திறந்து விளையாடுவான். பகல் முழுவதும் கிடக்காமல் எழுந்து உட்காருவான். என் கணக்கு அவ்வளவுதான்.

நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷினில் இருக்கிறேன். பட்டாசு லேபிள்தான் பெரும்பாலும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் பார்க்கத் தெரியும். அச்சான தாளையும் ஒரிஜினலையும் பக்கத்தில் வைத்தால் எந்த எழுத்துக்குக் கால் இல்லை, எதற்கு வயிறு அதிகம் என்று சொல்லிவிடுவேன். அர்த்தம் தெரியாததால் கண் ஏமாறாது. இந்த ஒரு திறமைக்காகத்தான் முதலாளி என்னை வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இருந்த கம்ப்யூட்டர், பிரஸ்ஸில் வேண்டாமென்று கழித்துவிட்ட ஒன்று. பழைய விண்டோஸ். விளையாட்டைப் போட்டுக் கொடுத்தது எங்கள் டிசைன் அறையில் உட்காருகிற தம்பி. என்னைவிட இருபது வயது இளையவர், டிப்ளமோ படித்தவர். அவரிடம் போய் வெள்ளை வெளிச்சத்தை எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"சும்மா."

தம்பிக்காக என்று சொல்லியிருக்கலாம். நான்கு பேர் நின்றார்கள். வாய் வரவில்லை.

"இது ஓப்பன் சோர்ஸ் அண்ணாச்சி. உள்ள எழுதியிருக்கிறது பூராம் நெட்ல சும்மா கிடக்கு. எடுத்து, வேண்டியதை மாத்தி, கம்பைல் பண்ணிக்கிடலாம். நீங்களே பண்ணுங்க. அஞ்சாங்கிளாஸ் இன்ஜினியர் யாருன்னு ஊரு தெரிஞ்சுக்கிடட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கம்பைல் என்றால் என்ன என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் தொழிலில் டிசைனைப் பிளேட்டாக்கினால்தான் மிஷினில் ஏறும். அதே மாதிரி, ஆள் எழுதிய எழுத்தைக் கம்ப்யூட்டர் ஓட்டுகிற பொருளாக மாற்றுவது. அந்த மாற்றுகிற கருவியைத் தனியாக இறக்க வேண்டும். விளையாட்டின் எழுத்துகளையும் இறக்க வேண்டும். வீடியோவில் பேசியவர் சொன்னது ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் திரையில் என்ன தட்டுகிறாரோ அதை நிறுத்தி, எழுத்து எழுத்தாகப் பார்த்து, நானும் தட்டினேன். புள்ளி, கோடு, இடைவெளி எதையும் விடவில்லை. ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகும்.

கறுப்புப் பெட்டி ஒன்று திறந்து வரிகள் ஓடத் தொடங்கின. ஓரத்தில் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று எண் ஏறிக்கொண்டே வந்தது. பாதி வழியில் சிவப்பு வரி ஒன்று விழுந்து நின்றது. அந்த வரியில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

கம்ப்யூட்டர் என்னிடம் ஏதோ கேட்கிறது என்று நினைத்தேன். என்ன கேட்கிறது என்று தெரியாமல் சரி என்று தட்டினேன், இல்லை என்று தட்டினேன். பதில் வரவில்லை. செல்போனில் படம் பிடித்து மறுநாள் டிசைன் தம்பியிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. முதல்லருந்து இன்னொரு தடவை பண்ணுங்க."

பண்ணினேன். அதே இடத்தில் அதே கேள்விக்குறி. மறுநாளும் படம் காட்டினேன். "இறக்குனதுல பழுது இருக்கும். அழிச்சிட்டுப் புதுசா இறக்குங்க" என்றார். இறக்கினேன். அதற்கு மறுநாள் விண்டோஸையே புதிதாகப் போடச் சொன்னார். அதையும் செய்தேன். தை மாதம், காலண்டர் சீசன் முடிந்து பிரஸ்ஸில் வேலை மந்தம். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். முன்பு அந்த நேரம்தான் தம்பி விளையாடுவான். இப்போது அதுவும் இல்லை.

"என்னதான்ணே பண்ணுற?"

"உனக்குத்தான்."

"எனக்கா? இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்டு எனக்குங்குற. டாக்டர் சொன்ன மாதிரியே பேசுற. அவரும் விரலைப் பிரிக்கப் போறேன்னு சொல்லித்தான் கையைக் கீறுனாரு, மறுபடி ஒட்டிக்கிடுச்சு."

செய்து காட்டிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் டீ நேரத்தில் போனை நீட்டியபோது டிசைன் தம்பியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, அந்த எழுத்தையெல்லாம் வச்ச பெட்டிக்கு, அதான் அந்த ஃபோல்டருக்கு, என்ன பேரு வச்சிருக்கீக?"

சொன்னேன். பிள்ளையார் சுழி போட்டிருந்தேன். 'உ' என்ற ஒரே எழுத்து. பிரஸ்ஸில் எந்த ஆர்டர் வந்தாலும் ஜாப் தாளின் தலையில் 'உ' போட்டுவிட்டுத்தான் ஆர்டர் கொடுத்தவர் பெயரையே எழுதுவோம். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பிரஸ்ஸிலிருந்து வந்த கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க வசதி இருந்தது. புது வேலை, நல்லபடியாக முடியட்டும் என்று விளையாட்டின் எழுத்துகளை எல்லாம் அந்தப் பெயருக்குள் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை அழித்துப் புதிதாகச் செய்தபோதும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது தமிழ் எழுத்து போய்விட்டது. இரண்டு மணி நேரம் செலவழித்து அதைத் திரும்பக் கொண்டுவந்து 'உ' போட்டேன்.

"அந்தக் கருவிக்கு இங்கிலீஷ் எழுத்தைத் தவிர வேற தெரியாது. உங்க பிள்ளையாரைத்தான் கேள்விக்குறியாப் போட்டுக் காட்டுது. வழி தெரியலைன்னு நிக்குது. இங்கிலீஷ் ஏ-ன்னு பேரை மாத்துங்க, ஓடிரும்."

"எப்பத் தெரியும் தம்பி உங்களுக்கு?"

"முதல் நாளே தெரியும். சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிரும்ல."

பிளேட் போடுகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பத்து நாளுக்குள் நான் விட்டுவிடுவேன் என்று அவர் பந்தயம் கட்டியிருந்தாராம். "இவுக இம்புட்டு நாளு தாங்குவாகன்னு யாரு கண்டா?" என்று சொல்லி எல்லோருக்கும் வடை வாங்கினார். எனக்கும் ஒன்று தந்தார்கள். பன்னிரண்டு சாயங்காலம் என் தம்பி சுவரைப் பார்த்துக் கிடந்ததை அங்கே சொல்லியிருக்கலாம். வடையைத் தின்றேன்.

அன்றைக்கே பெயரை மாற்றினேன். பிள்ளையார் சுழியை அழிக்கக் கை கூசியது. எண் பாதியைத் தாண்டி, நூறு விழுக்காட்டில் நின்றது. என் வீட்டில் நான் செய்த விளையாட்டு திறந்தது. ஓர் எழுத்தும் மாறாமல் பழையதைப் போலவே இருந்தது, வெள்ளை வெளிச்சம் உட்பட.

அந்த வெள்ளையைத் தேடுவது எனக்குச் சிரமமாக இல்லை. ஃபிளாஷ் என்ற இங்கிலீஷ் சொல்லின் உருவம் எனக்கு நன்றாகத் தெரியும். லேபிள் லேபிளாக வெட்டியிருக்கிறேன். வெடி என்றால் அந்தச் சொல் வராமல் இருக்காது. எழுத்துகளுக்குள் அதைத் தேடச் சொன்னதும் நாலு இடத்தைக் காட்டியது. ஓரிடத்தில் பக்கத்திலேயே இருநூற்றைம்பத்தைந்து என்ற எண் மூன்று முறை இருந்தது. அது வெள்ளைக்கான எண் என்று டிசைன் அறையில் நின்று பார்த்ததில் தெரியும். வரிக்கு முன்னால் இரண்டு சாய்ந்த கோடு போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காது என்று வீடியோவில் பார்த்திருந்தேன். போட்டேன். மறுபடி கம்பைல் செய்தேன்.

வெள்ளை போய்விட்டது. ஆனால் இப்போது குண்டு விழுந்த இடத்தில் மஞ்சளாக ஒரு நெருப்பு உருண்டை தெரிந்தது. இவ்வளவு நாள் அது வெள்ளைக்குள் மறைந்திருந்திருக்கிறது. தம்பிக்கு இது மட்டும் ஆகுமா? அதையும் தேடிப் பிடித்து இரண்டு கோடு போட்டேன். அடுத்து புகை. அதற்கும் போட்டேன். கடைசியில் குண்டு விழும், வண்டி இருக்காது, அவ்வளவுதான். நானே பத்து முறை சுட்டுப் பார்த்தேன். கண்ணை உறுத்துகிறது எதுவும் இல்லை. எனக்கு ரொம்பத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியை உட்காரவைத்தேன்.

"கண்ணைத் திறந்துக்கிட்டே சுடு."

"எதுக்கு?"

"சுடேன்."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். குறி பார்த்தான். பழக்கத்தில் கண் மூடப் போனது, திறந்தான். முதல் குண்டு மேட்டில் விழுந்தது. மண் மட்டும் கொஞ்சம் குழிந்தது. "ஏய், ஒண்ணுமே வரல!" என்றான். அந்த விபத்துக்குப் பிறகு அவன் குரல் அப்படி ஏறி நான் கேட்டதில்லை. இரண்டாவது குண்டு சிவப்பு வண்டியில் விழுந்தது. வண்டி இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

அவன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"எப்படி?" என்று கேட்டேன்.

"இதை யாருண்ணே உனக்குச் சொன்னா?"

"எதை?"

"இப்படித்தான்னு." திரையைப் பார்த்தபடியே பேசினான். "வெளிச்சம் வந்துச்சா, சத்தம் கேட்டுச்சான்னு போலீஸ்ல கேட்டாக. ஆஸ்பத்திரியில கேட்டாக. எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. நான் வாசல்ல நிக்கேன். அவ குனிஞ்சு உக்காந்திருக்கா. அப்புறம் அவ இல்ல. நடுவுல ஒண்ணுமே கிடையாது. வெயிலு அடிச்ச மாதிரி அங்கன வானம் தெரியுது."

"அப்ப அந்த வெள்ளை…"

"வெள்ளைக்கு யாரு பயந்தா? வெள்ளை போனதும் அந்த இடம் காலியாக் கிடக்கும்ல. அதைப் பாக்க முடியாமத்தான் கண்ணை மூடுனேன். நீயா வெளிச்சம்னு நினைச்சுக்கிட்ட. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல. எதைத்தான் நீ வாயைத் திறந்து கேட்ட?"

போட்ட கோடுகளை எல்லாம் அழித்தால் போதும், பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், இப்போதே மாற்றிவிடுகிறேன் என்று மவுஸில் கை வைத்தேன். ஒட்டிப்போன வலதுகையால் என் கையைத் தட்டிவிட்டான்.

"வேண்டாம். சரியாச் செஞ்சிருக்க. அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் பிரஸ்ஸில் டிசைன் தம்பி கேட்டார். "ஓடுச்சா அண்ணாச்சி?" ஓடியது என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. நான் வந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்று பார்த்தேன். குழாயை ஏற்றினான், இறக்கினான், நிதானமாகக் குறி பார்த்தான். குண்டு சிவப்பு வண்டியைத் தாண்டிப் போய் விழுந்தது. அடுத்தது முன்னாலேயே விழுந்தது. அதற்கடுத்தது மறுபடி தாண்டியது. கண்ணை மூடிக்கொண்டே அடித்தவன் அவன். இப்போது ஒன்றும் படவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டரின் குண்டு வந்து அவனுடைய பச்சை வண்டி இல்லாமல் போனது. சிவப்பு வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது, அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புது ஆட்டத்தைப் போட்டான்.